அப்பாவுக்கு வயிற்றில் டியூப் போட்டு பார்க்கின்சன் மருந்து கொடுக்கலாம் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கீர்த்தனா_ம
திங்கள், இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு வயது 67. பார்க்கின்சன் வந்து 12 வருடம் ஆகிறது. லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை இப்போது ஒரு நாளைக்கு 7 வேளை. மருந்து வேலை செய்யும்போது நன்றாக நடக்கிறார், பேசுகிறார், பேப்பர் படிக்கிறார். ஒன்றரை மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. அப்புறம் யாரோ ஸ்விட்சை அணைத்தது போல நாற்காலியில் அப்படியே உறைந்துவிடுகிறார். மதியச் சாப்பாட்டை ஒட்டிப் போடும் மாத்திரை பாதி நாள் வேலையே செய்வதில்லை. சில நாள் இரண்டு வேளை மருந்தும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறி, உடம்பெல்லாம் நெளிய ஆரம்பித்துவிடுகிறது.

போன வாரம் நரம்பியல் மருத்துவர், வயிற்றில் டியூப் வைத்து அதன் வழியாகச் சிறுகுடலுக்கே நேராக மருந்தை பம்ப் மூலம் செலுத்தலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். வயிற்றில் டியூப் போட்டால் அவ்வளவுதான், கடைசிக் கட்டம் என்கிறார். பெரிய மாமாவுக்குப் பக்கவாதம் வந்து டியூப் வழியாகவே சாப்பாடு கொடுத்ததைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். அப்பாவைக் கேட்டால் "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தை.

டியூப் போட்டால் வாயால் சாப்பிட முடியாதா? இதே மாத்திரையைப் பொடித்து விடுவார்களா, வேறு மருந்தா? தினமும் யார் என்ன செய்ய வேண்டியிருக்கும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

மரப்பாலம்
திங்கள், இரவு 11:30

கீர்த்தனா, என் அம்மாவுக்கு இந்த டியூப் போட்டு நாலரை வருடம் ஆகிறது. முதலில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: இது சாப்பாட்டு டியூப் இல்லை. போடும் விதம் மட்டும்தான் அதே மாதிரி. என் அம்மா மூன்று வேளையும் வாயால்தான் சாப்பிடுகிறார்.

மருந்து அதே லெவோடோபா-கார்பிடோபாதான். மாத்திரையைப் பொடிப்பதில்லை, ஜெல்லாக வருகிறது. லெவோடோபா தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு நாளைக்கு வேண்டிய அளவைக் கரைக்க லிட்டர் கணக்கில் தண்ணீர் வேண்டும், அதை யார் தூக்கிக்கொண்டு நடப்பது? அதனால் மருந்தை மாவாக அரைத்து, கெட்டியான ஜெல்லில் மிதக்க வைத்துவிட்டார்கள். சுவீடனில் உப்சாலாவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை இது. டியோடோபா என்ற பெயரில் ஐரோப்பாவில் 2004-ல் வந்தது. அமெரிக்காவில் 2015-ல் டியோபா என்ற பெயரில் அனுமதி கிடைத்தது.

100 மில்லி கேசட் ஒன்றில் 2000 மில்லிகிராம் லெவோடோபாவும் 500 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கும். காலையில் பம்பில் மாட்டினால் 16 மணி நேரம் வரை சொட்டுச் சொட்டாகப் போகும். இரவில் கழற்றிவிடுவோம்.

உங்கள் அப்பாவின் மதிய மாத்திரை ஏன் வேலை செய்வதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. லெவோடோபாவை உறிஞ்சும் இடம் இரைப்பை இல்லை, சிறுகுடலின் முற்பகுதி. பார்க்கின்சன் நோயில் இரைப்பையும் மந்தமாகிவிடும். மாத்திரை உள்ளே போய் உட்கார்ந்திருக்கும், கதவு திறக்காது. எப்போது திறக்கும் என்று சொல்லவும் முடியாது. நீங்கள் சொன்னீர்களே, இரண்டு வேளை மருந்து சேர்ந்து ஏறுகிறது என்று, அது இப்படித்தான் நடக்கிறது. போதாததற்குச் சாப்பாட்டில் உள்ள புரதமும் போட்டிக்கு நிற்கும். புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் நுழைய ஒரே வாசல்தான். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும்போதும் அதே கதைதான்.

டியூப் இரைப்பையைத் தாண்டிப் போய்விடுவதால் முதல் பிரச்சினை தீர்ந்துவிடும். புரதப் பிரச்சினை முழுதாகத் தீராது, குறையும்.

ஆன்ஆஃப்61
செவ்வாய், காலை 5:55

நானே நோயாளி. டியூப் போட்டு மூன்று வருடம். காலை 5:55 என்று மேலே இருக்கிறது பாருங்கள், பம்ப் மாட்டும் முன் விரல் ஒத்துழைக்காது, அதனால் இதைப் போனிடம் வாயால் சொல்லி எழுத வைக்கிறேன். எழுத்துப் பிழைக்குப் போன் பொறுப்பு.

கீர்த்தனா, அப்பாவின் "பார்க்கலாம்" என்ற வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். நானும் எட்டு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். டியூபுக்குப் பயந்து இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனால் எல்லோரும் என்ன என்று கேட்பார்களே என்று. இப்போது கேட்கிறார்கள், சொல்கிறேன், அவ்வளவுதான்.

மருந்து மாறவில்லை, நோயும் மாறவில்லை. என் நாள் மாறியது. முன்பெல்லாம் 11 மணிக்கு ஒருவரை வரச் சொன்னால் 11 மணிக்கு நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போது தெரியும்.

சந்தேகக்காரன்
செவ்வாய், காலை 9:10

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். கொஞ்சம் எண்ணிக்கையும் பேசலாமா?

லான்செட் நியூராலஜியில் 2014-ல் வந்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 71 பேர், 12 வாரம். ஜெல் போன குழுவுக்கு ஆஃப் நேரம் (மருந்து வேலை செய்யாமல் உறைந்திருக்கும் நேரம்) ஒரு நாளைக்கு சுமார் 4 மணி நேரம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாத்திரைக் குழுவுக்கே 2 மணி நேரத்துக்கு மேல் குறைந்திருக்கிறது! ஆக டியூபால் வந்த வித்தியாசம் 1.91 மணி நேரம். இதற்காக வயிற்றில் ஓட்டை போட வேண்டுமா?

மரப்பாலம்
செவ்வாய், காலை 9:48

கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த ஆய்வை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு குழுவுக்குமே டியூப் போட்டார்கள். ஒரு குழுவுக்கு நிஜ ஜெல்லும் போலி மாத்திரையும், இன்னொரு குழுவுக்குப் போலி ஜெல்லும் நிஜ மாத்திரையும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதனால் மாத்திரைக் குழுவுக்கும் அளவைக் கவனமாகச் சரிசெய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். பம்ப் மாட்டியிருக்கிறது என்ற நம்பிக்கை வேறு. அந்த 2 மணி நேரத்தில் இதெல்லாம் அடக்கம்.

அந்த 1.91 மணி நேரம் இவை எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியது. அதை நான் சின்ன எண்ணாக நினைக்கவில்லை. ஆஃபில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று ஆன்ஆஃப் ஐயாவைக் கேளுங்கள்.

ஆன்ஆஃப்61
செவ்வாய், காலை 10:02

கழிவறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது இரண்டு நிமிடமே நீளம்தான் தம்பி.

சந்தேகக்காரன்
செவ்வாய், காலை 10:20

சரி ஐயா, அந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். டியூபே இல்லாமல் தோலுக்கு அடியில் ஊசி வழியாகப் போகும் லெவோடோபா பம்ப் வந்துவிட்டதே, அது இருக்கும்போது இது எதற்கு?

மாத்திரைப்பெட்டி
செவ்வாய், மதியம் 1:15

மருந்தாளுநர் என்ற முறையில் சொல்கிறேன். ஃபாஸ்லெவோடோபா-ஃபாஸ்கார்பிடோபாவைச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. லெவோடோபாவை நீரில் கரையும்படி மாற்றியமைத்திருக்கிறார்கள். உடம்புக்குள் போனதும் அது லெவோடோபாவாகிவிடும். அறுவை சிகிச்சை கிடையாது, 24 மணி நேரமும் ஓடும், இரவில் புரண்டு படுக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் ஊசி குத்தும் இடத்தில் தோல் சிவப்பது, கட்டி கட்டுவது, தொற்று எல்லாம் நிறையப் பேருக்கு வருகிறது. எல்லா நாட்டிலும் கிடைப்பதும் இல்லை. அபோமார்ஃபின் என்ற வேறு மருந்துக்கான பம்பும் தோலுக்கு அடியில்தான். மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் இன்னொரு வழி. ஞாபகமும் மனநிலையும் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் அதை யோசிப்பார்கள், வயதையும் பார்ப்பார்கள்.

குடலுக்குள் செலுத்துவதிலேயே இன்னொரு ஜெல்லும் உண்டு. லெவோடோபா, கார்பிடோபாவோடு என்டகபோனையும் சேர்த்தது, லெசிகான் என்று பெயர். என்டகபோன் லெவோடோபா சிதைவதைத் தடுப்பதால் குறைந்த அளவே போதும். 47 மில்லி கேசட், பம்பும் சிறியது. பழைய பம்ப் கேசட்டோடு சேர்ந்து அரை கிலோவுக்குக் குறையாது.

எது இருக்கிறது, எது பொருந்தும் என்று உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். "இதை ஏன் சொன்னீர்கள், மற்றதை ஏன் சொல்லவில்லை" என்று கேட்பதில் தப்பே இல்லை.

கீர்த்தனா_ம
செவ்வாய், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு மரப்பாலம் அண்ணா எழுதியதை வாசித்துக் காட்டினேன். "மூன்று வேளையும் வாயால் சாப்பிடுகிறாராமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

டியூபை எப்படிப் போடுவார்கள்? போட்ட பிறகு என்ன பிரச்சினை வரும்? மறைக்காமல் சொல்லுங்கள்.

இரவுப்பணி
புதன், அதிகாலை 3:20

குடல்நோய் வார்டில் செவிலியர் நான். பேருக்கேற்ற நேரத்தில்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலான இடங்களில் முதலில் மூக்கு வழியாக ஒரு மெல்லிய டியூபை சிறுகுடல் வரை இறக்கி, சில நாள் ஜெல்லை விட்டுப் பார்ப்பார்கள். பலன் தெரிந்தால்தான் வயிற்றில் வைப்பார்கள். இது உங்களுக்கு நல்ல வாய்ப்பு, தவறவிடாதீர்கள். அந்த நாட்களில் அரை மணிக்கு ஒரு தடவை அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆன், ஆஃப், நெளிவு, தூக்கம். நாலே வார்த்தை போதும்.

வயிற்றில் வைப்பது எண்டோஸ்கோப்பியில். வாய் வழியாகக் கேமரா இரைப்பைக்குள் போகும். உள்ளே இருக்கும் வெளிச்சம் வயிற்றின் மேல் தோலில் தெரியும் இடத்தைப் பார்த்துச் சின்னத் துளை போடுவார்கள். வெளி டியூப் இரைப்பையோடு நிற்கும், அதன் பெயர் பெக். அதற்குள்ளே இன்னொரு மெல்லிய டியூப் இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குள் போகும், அது ஜே. சேர்த்து பெக்-ஜே. வெளியில் இரண்டு வாய் இருக்கும், ஒன்று இரைப்பைக்கு, ஒன்று குடலுக்கு. மருந்து குடல் வாயில்தான். இரண்டையும் மாற்றிவிட்டால் ஜெல் இரைப்பைக்குப் போய், பழையபடி கதவுக்கு முன்னால் காத்திருக்கும். நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வண்ண நாடா ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை என்று கேட்டீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் துளையைச் சுற்றி வலி, கசிவு, சில சமயம் தொற்று. அப்புறம் துளையைச் சுற்றிச் சிவப்பாகச் சதை வளரலாம். அரிதாக வயிற்றறை உறையில் அழற்சி வரும், அது ஆபத்து: காய்ச்சல், வயிறு பலகை போல இறுகுவது, தாங்க முடியாத வலி என்று வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஆனால் வருடக்கணக்கில் பார்த்தால் அதிகம் தொல்லை கொடுப்பது டியூப்தான். அடைக்கும், மடங்கும், இணைப்பு கழலும், உள் டியூபின் நுனி மேலே ஏறி இரைப்பைக்கே திரும்பிவிடும்.

மரப்பாலம்
புதன், காலை 8:05

அந்தக் கடைசி விஷயத்தில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது.

இரண்டாம் வருடம். அம்மா மதியத்துக்கு மேல் மந்தமாக ஆரம்பித்தார். நோய் முற்றுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். போனில் சொன்னோம், பம்ப் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். இரண்டு நாள் சரியாக இருந்தது போல இருந்தது, மறுபடியும் அதே. மறுபடியும் கூட்டினோம். இப்படியே மூன்று வாரம் ஓடியது. வயிற்றை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கடைசியில் எடுத்துப் பார்த்தால் உள் டியூப் இரைப்பைக்குள் பாம்பு போலச் சுருண்டு கிடக்கிறது. மருந்து அளவெல்லாம் சரி, போய்ச் சேரும் இடம்தான் தப்பு. டியூபை மாற்றிய அன்றே பழைய வேகத்துக்கு வந்துவிட்டோம்.

அதனால், நன்றாக இருந்தவர் திடீரென்று பின்வாங்கினால் நோயைச் சந்தேகப்படும் முன் டியூபைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் தினசரி வேலை. இரவு பம்பைக் கழற்றியதும் சிரிஞ்சில் குடிதண்ணீர் எடுத்துக் குடல் வாயிலும் இரைப்பை வாயிலும் தள்ளி அலச வேண்டும். முதல் மாதம் புரியாது, போகப்போக விரலுக்கே தெரிந்துவிடும்: சிரிஞ்சின் தண்டு வழுக்கிக்கொண்டு போனால் சரி, ஈர மணலில் கம்பு குத்துவது போல இருந்தால் எங்கேயோ அடைக்க ஆரம்பித்திருக்கிறது. அழுத்தித் தள்ளாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக. துளையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர்த்தி, டியூபை ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். 15 நிமிட வேலை.

இரவுப்பணி
புதன், காலை 8:40

அண்ணா, எல்லாம் சரி, கடைசி ஒன்று மட்டும் தப்பு. சுற்றிவிடுவது வெறும் பெக் டியூபுக்கு. உள்ளே ஜே இருந்தால் சுற்றக் கூடாது, சுற்றினால் உள் டியூபும் முறுக்கிக்கொள்ளும். புண் ஆறிய பிறகு உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி மெல்ல வெளியே இழுத்து விட்டால் போதும். டியூபை உள்ளே பிடித்து நிற்கும் வட்டு இரைப்பைச் சுவரில் புதைந்துவிடாமல் இருக்கத்தான் அது. எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதை டியூப் வைத்தவர்கள் சொல்வார்கள், அதன்படி செய்யுங்கள்.

மரப்பாலம்
புதன், காலை 8:52

ஐயோ. நாலரை வருடமாகச் சுற்றுகிறேன் சகோதரி. அந்தச் சுருண்ட டியூபுக்கு நான்தான் காரணமோ என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

இரவுப்பணி
புதன், காலை 8:58

அது யாரும் சுற்றாமலேயே ஏறும். மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். இன்றிலிருந்து நிறுத்துங்கள், போதும்.

வடக்குவாசல்
புதன், இரவு 7:15

இழைக்குக் கொஞ்சம் விலகிய கேள்வி, மன்னிக்கவும். என் தாத்தாவுக்கும் பார்க்கின்சன். போன மாதம் இடுப்பு எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை. விழுங்க முடியவில்லை என்று மூக்கில் டியூப். அவர் போட்டுக்கொண்டிருந்தது மெதுவாகக் கரையும் வகை மாத்திரை. அதை அப்படியே பொடித்து டியூபில் விட்டார்கள். அரை மணி நேரத்தில் கைகால் எல்லாம் சுழல ஆரம்பித்தது, மூன்று மணி நேரத்தில் கட்டை போல ஆகிவிட்டார். அதற்கு முந்தின நாள் வெறும் வயிறு என்று மருந்தே கொடுக்கவில்லை. நாங்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது வீட்டில் டியூபோடு இருக்கிறார். எப்படிக் கொடுப்பது?

மாத்திரைப்பெட்டி
புதன், இரவு 8:45

விலகிய கேள்வி இல்லை, வடக்குவாசல். ஜெல்லை விட இந்தச் சூழ்நிலைதான் அதிகம் பேருக்கு வரும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெதுவாகக் கரையும் மாத்திரை என்பது பல மணி நேரத்துக்கான மருந்தை உள்ளே பூட்டி வைத்த பெட்டி. பொடித்தால் பூட்டு உடைந்து எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். உங்கள் தாத்தாவுக்கு நடந்தது அதுதான், முதலில் சுழற்றல், அப்புறம் வெறுமை. இந்த வகையை எந்த டியூபிலும் பொடித்து விடக் கூடாது. சாதாரண வகைக்கு மாற்ற வேண்டும், மாற்றும்போது அளவும் நேரமும் மாறும், அதை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். சாதாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து விடலாம். கார்பிடோபாவுக்குப் பதில் பென்செராசைடு சேர்த்த லெவோடோபா வகையில் தண்ணீரில் போட்டதும் கரையும் மாத்திரையே உண்டு, டியூபுக்கு அது வசதி. கரைத்ததை உடனே கொடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் காற்று பட்டு நிறம் கறுக்கும், வீரியம் குறையும். முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் விட்டு அலசுங்கள். மற்ற மருந்துகளோடு ஒரே சிரிஞ்சில் கலக்க வேண்டாம்.

டியூபில் விடும் சத்துணவுத் திரவத்தில் புரதம் இருக்கிறது. அது 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் லெவோடோபாவுக்கு எப்போதுமே போட்டிதான். மருந்துக்கு முன்னும் பின்னும் திரவத்தை நிறுத்தி இடைவெளி விடுவது, அல்லது திரவத்தின் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றுவது பற்றி உணவியல் வல்லுநரிடம் கேளுங்கள். இரும்புச் சத்து மருந்து இருந்தால் அதையும் தள்ளிக் கொடுக்க வேண்டும், லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

லெவோடோபாவைத் திடீரென்று முழுதாக நிறுத்தவே கூடாது. உடம்பு விறைத்து, கடுமையான காய்ச்சல் வந்து, நினைவு குழம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும், குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் பார்க்கின்சன்காரர்களுக்கு ஆகாது, லெவோடோபா மூளையில் டோபமைனாக மாறித்தான் வேலை செய்கிறது, அந்த டோபமைனின் வேலையைத் தடுப்பவை அவை. இந்த இரண்டு பெயரையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதித் தாத்தாவின் ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி வையுங்கள். வாயால் சொன்னால்தானே காதில் வாங்கவில்லை.

வடக்குவாசல்
புதன், இரவு 9:05

அட்டை எழுதியாயிற்று. நன்றி ஐயா.

சந்தேகக்காரன்
வியாழன், காலை 7:40

ஜெல் பக்கம் திரும்புவோம். யாருக்கு இது பலன் தராது என்று யாரும் சொல்லவில்லையே?

ஆன்ஆஃப்61
வியாழன், காலை 11:15

நான் சொல்கிறேன். இப்போது ஆனில் இருக்கிறேன், நானே தட்டுகிறேன்.

உங்கள் மாத்திரை மிக நன்றாக வேலை செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, அதுதான் உச்சம். ஜெல் அதை நீட்டிக்கொடுக்கும், அதற்கு மேல் உயர்த்தாது. ஆனில் இருக்கும்போதும் நான் தடுமாறி விழுவேன், அது இப்போதும் இருக்கிறது. குரல் உள்ளே போனது போனதுதான். ஞாபக மறதி இருப்பவருக்கு ஞாபகம் திரும்பாது. இல்லாததை இருப்பதாகப் பார்ப்பது போன்ற தொல்லை ஏற்கெனவே இருந்தால், லெவோடோபா எந்த வழியில் போனாலும் கூடலாம்.

காலையில் முதலில் ஒரு பெரிய அளவு போகும், எனக்கு 7 மில்லி. அப்புறம் மணிக்கு 3.4 மில்லி. நடுவில் இறங்கினால் பட்டனை அழுத்தி 1 மில்லி கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கு வைத்த கணக்கு, உங்கள் அப்பாவுக்கு வேறு வரும். அந்தப் பட்டனை நான் முதல் மாதம் காரணமில்லாமலே அழுத்திக்கொண்டிருந்தேன். பம்ப் எத்தனை தடவை என்று எண்ணி வைத்திருக்கிறது. மருத்துவர் எண்ணைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பூட்டு நேரத்தை, அதாவது ஒரு தடவை அழுத்தினால் மறுபடி மருந்து வராத நேரத்தைக் கூட்டிவிட்டார்.

மாத்திரைப்பெட்டி
வியாழன், மதியம் 2:30

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிக அளவு லெவோடோபா போகும்போது பி12, பி6, ஃபோலேட் குறையலாம். சிலருக்குக் காலில் மரப்பு, எரிச்சல் என்று நரம்புப் பாதிப்பு வருகிறது, எடையும் குறைகிறது. தொடங்கும் முன்பே ரத்தப் பரிசோதனை, அப்புறம் குறித்த இடைவெளியில். கால் மரத்தால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

கேசட்டைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் 16 மணி நேரம்தான் கணக்கு. மீதி இருந்தாலும் மறுநாளுக்கு வைக்கக் கூடாது. பம்ப் நின்றுபோனால் போட வீட்டில் மாத்திரை எப்போதும் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பம்ப் இல்லாமல் இருக்க நேர்ந்தால் மாத்திரைக்குத் திரும்ப வேண்டியிருக்கும், எத்தனை என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

மரப்பாலம்
வியாழன், இரவு 10:10

இன்னொன்று. யார் பார்த்துக்கொள்வது என்று கீர்த்தனா முதலிலேயே கேட்டார், நாங்கள் சுற்றி வளைத்துப் பேசுகிறோம். காலையில் கேசட் மாட்டும் நேரத்தில் நோயாளி ஆஃபில் இருப்பார், அவர் விரல் அந்தச் சின்ன இணைப்பைத் திருகாது. யாரோ ஒருவர் தினமும் வேண்டும். ஞாயிறும் லீவு கிடையாது, உங்களுக்குக் காய்ச்சல் என்றாலும் கிடையாது. நான் மட்டும்தான் பழகியிருந்தேன். ஒரு தடவை எனக்கு உடம்பு முடியாமல் போனபோது அம்மா நாள் முழுக்க மாத்திரையில் கிடந்தார். இப்போது தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குறைந்தது இரண்டு பேர் பழகிய பிறகு டியூப் வையுங்கள். மருத்துவமனையில் பயிற்சி கொடுப்பவர் உங்களுக்குக் காட்டும்போது அம்மாவையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். பயம் பாதி அதிலேயே போய்விடும்.

கீர்த்தனா_ம
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9:20

மறந்துபோயிருப்பீர்கள். மூக்கு வழிச் சோதனை முடிந்து வந்திருக்கிறோம்.

முதல் நாள் அளவு சரியில்லை, நெளிவு அதிகம். அப்பா எரிச்சலில் டியூபைப் பிடுங்கப் பார்த்தார். இரண்டாம் நாள் குறைத்தார்கள். இரவுப்பணி அக்கா சொன்னபடி நோட்டு போட்டிருந்தோம். எழுதியது அம்மா. மூன்றாம் நாள் பகல் 11:30-க்கு அம்மா "ஆன்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார், அப்பா கட்டிலில் உட்கார்ந்து தன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் 11:30 என்றால் அவர் நாற்காலியில் உறைந்திருக்கும் நேரம். மேலிருந்து கீழே ஐந்து பொத்தான். ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டார், அவிழ்த்துத் திரும்பப் போட்டார். அம்மா உதவிக்குப் போகவில்லை. நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் "பொத்தான்" என்று எழுதியிருக்கிறார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மந்தம் இருந்தது, முழுதாகப் போகவில்லை. இரவில் பழையபடிதான்.

தோலுக்கு அடியில் போகும் பம்பைப் பற்றியும் கேட்டோம். எங்களுக்கு இப்போதைக்கு அது கிடைக்காது என்றார்கள். அம்மா இணைப்பைத் திருகப் பழகிவிட்டார், நானும்தான். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இன்று மாலை அவராகவே ஒரு கேள்வி கேட்டார்: டியூப் வைத்தால் குப்புறப் படுக்கலாமா? அவர் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் தூங்குவார். மருத்துவரிடம் கேட்க மறந்துவிட்டோம். ஆன்ஆஃப் ஐயா, நீங்கள் சொல்லுங்களேன்.

ஆன்ஆஃப்61
சனி, இரவு 9:41

புண் ஆறும் வரை கூடாது. அப்புறம் நான் படுக்கிறேன். இரவில் பம்ப் இருக்காது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டியூபை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கி பிளாஸ்திரி போட்டுவிடுவேன். இடது பக்கம் ஒதுக்கினால் எனக்கு உறுத்துகிறது, வலது பக்கம் சரி. அவருக்கு எந்தப் பக்கம் என்று அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கீர்த்தனா_ம
சனி, இரவு 9:50

வாசித்துக் காட்டினேன். "வலது பக்கமா?" என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துப் பார்க்கிறார்.